ஜாலித் தண்ணி

அத்தியாயம் 11

"சாயங்காலம் நாலு மணிக்கு வருவேன். ஆக்சிஜன் வச்சும் தொண்ணூத்தி ரெண்டுக்குக் கீழ நின்னுச்சுன்னா, விழுப்புரத்துக்கு எழுதிக் குடுத்துடுவேன்."

டாக்டர் வேங்கடேசன் இதைச் சொல்லிவிட்டுப் போனது வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு. அடுத்த நிமிஷம் அம்மா வீடியோ காலில் வந்தாள். தோஹாவில் அப்போது மணி ஆறு. எனக்கு வார லீவு.

"எழுதிக் குடுத்துடுவாராம்டா அருணு."

எழுதிக் கொடுப்பது என்றால் ஆம்புலன்ஸ். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் நாற்பது கிலோமீட்டர்தான். மற்றவர்களுக்கு அது ஒரு மணி நேரப் பயணம். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. கொரோனா வருஷத்தில் அம்மாவின் தம்பி ராஜாமணி மாமாவை இப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள். வண்டி பாதி வழியில் கூட்டேரிப்பட்டைத் தாண்டுவதற்குள் மாமா போய்விட்டார். அதிலிருந்து அம்மாவுக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே கை கால் ஓடாது.

அப்பா தொம்மைக்கு முப்பது வருஷம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை தூக்கியதில் வந்த குடலிறக்கம். ஆபரேஷன் போன வெள்ளிக்கிழமையே நல்லபடியாக முடிந்திருந்தது. சர்க்கரை இருப்பதால் நாலு நாள் வைத்திருந்து செவ்வாய்க்கிழமை அனுப்புவதாகச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை காய்ச்சல் வந்தது. புதன்கிழமை இருமல். வியாழக்கிழமை விரலில் மாட்டும் மிஷினில் ஆக்சிஜன் எண் இறங்க ஆரம்பித்தது.

இதற்கு நடுவே நான் வேறு ஒரு சங்கடத்தில் இருந்தேன். ரூம்மேட் பிறந்தநாள் போட்டோவில் என் பக்கத்தில் ஒரு பச்சைப் பாட்டில் இருந்தது. எலுமிச்சை சோடா. அம்மா நம்பவில்லை. மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அப்பாவுக்குக் காய்ச்சல் வந்த பிறகுதான் பேச்சு திரும்ப வந்தது.

அம்மா போனை அப்பா பக்கம் திருப்பினாள். மூக்கில் குழாய். கண் மூடியிருந்தது. அவர் மூச்சுக்கு மேலே கர்ரென்று இன்னொரு சத்தம்.

"எம்மா, அது இன்னா சத்தம்?"

"பாத்ரூம் ஃபேன்டா. காத்த வெளிய தள்ளுமே, அது."

"எதுக்கு ஓடுது?"

"வந்த நாளா சாக்கட நாத்தம். அந்துருண்ட போட்டேன், ஊதுபத்தி கொளுத்தி வெச்சேன். ஒன்னும் கேக்கல. ஃபேன் போட்டா போவும்னு பாத்தா, முன்னவிட ஜாஸ்தியா வருது."

"நீங்க குளிக்கறது கிளிக்கறது எல்லாம் அங்கதானே?"

"அங்க யாரு போறா? ஃப்ளஷ் ரிப்பேராம். ரெண்டு மாசமா பூட்டிக் கெடந்த ரூமுடா. வேற ரூம் காலி இல்லன்னு இத தொறந்து குடுத்தாங்க. நாங்க வராண்டா கடைசில இருக்கறதுக்குத்தான் போறோம்."

"ஜன்னல்?"

"மூடித்தான் வெச்சிருக்கேன். இருமறவருக்குப் பனிக்காத்து ஆவுமா? கதவுக்கு அடியில கூட பழைய லுங்கி சொருகியிருக்கேன். ஒரு பொட்டுக் காத்து உள்ள வராது பாத்துக்க."

பெருமையாகத்தான் சொன்னாள்.

கட்டடங்களின் ஏசியும் குழாயும் பார்ப்பதுதான் என் வேலை. ஓர் அறையிலிருந்து காற்றை வெளியே தள்ளினால், அதே அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். ஜன்னல் மூடியிருக்கிறது. கதவிடுக்கில் லுங்கி. மிச்சம் இருப்பது ஒரே வழி. பாத்ரூம் தரையில் தண்ணீர் போகிற ஓட்டை.

அந்த ஓட்டைக்குக் கீழே குழாய் ஒரு வளைவு வளைந்து போகும். வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர்தான் கதவு. அது இருக்கிறவரை சாக்கடைக் குழாயின் காற்று மேலே வராது. ஆள் புழங்காத பாத்ரூமில் சில வாரங்களில் அது ஆவியாகிப் போய்விடும். அதற்குப் பிறகு, அந்தக் கட்டடத்தில் எல்லா நோயாளிகளும் கழுவி விட்டதன் மூச்சு அந்த வழியாக வரும். மேலே ஃபேன் வேறு ஓடினால் தானாக வரக்கூட வேண்டாம். இழுத்துக்கொண்டு வரும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ட்ரெயினிங்கில் ஒரு படம் காட்டினார்கள். ஹாங்காங்கில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. இருபது வருஷத்துக்கு முன்னால் சார்ஸ் வந்தபோது அங்கே மட்டும் முன்னூறு பேருக்கு மேல் படுத்தார்கள். காய்ந்துபோன பாத்ரூம் ஓட்டைகளும் எக்ஸாஸ்ட் ஃபேன்களும் அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். அன்று பாதித் தூக்கத்தில் பார்த்த படம் இப்போது முழுசாக ஞாபகம் வந்தது.

"எம்மா, நான் சொல்றத கேளு..."

"போன் சத்தத்த கொறைங்கம்மா! பக்கத்து ரூம்ல ஆபரேஷன் பேஷண்ட் இருக்காங்க இல்ல?" என்று வார்டு நர்ஸ் கிருஷ்ணவேணி சிஸ்டரின் குரல் கேட்டது. அம்மா பயந்துபோய் காலை வெட்டிவிட்டாள்.

பதற்றம் வந்தால் எனக்கு டைப் பண்ண வராது. மைக்கை அமுக்கிப் பேசுவேன், போன் எழுத்தாக்கும். என்ன எழுதியது என்று திரும்பிப் பார்க்கிற பழக்கமும் கிடையாது.

அந்த ஓட்டை மேல் போடுகிற சல்லடை மூடிக்கு எங்கள் வேலையில் ஜாலி என்று பெயர். பீகார்க்காரன், நேபாளி, மலையாளி எல்லோருக்கும் அது ஜாலிதான். மூன்று வருஷமாக எனக்கும் ஜாலிதான்.

'பாத்ரூம் ஜாலில ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்து, ஜல்தி. மேல கொஞ்சம் எண்ணெய் ஊத்து. ஜன்னல தொற. அப்பாவுக்கு நல்லது.' நான் பேசியது இது.

ஃபேமிலி குரூப்பில் போய் விழுந்தது இது:

'பாத்ரூம் ஜாலியா ரெண்டு பாக்கெட் தண்ணி ஊத்து ஜல்தி மேல கொஞ்சம் என்னை ஊத்து ஜன்னல தொற அப்பாவுக்கு நல்லது'

தங்கை ஜெசி விழுப்புரத்தில் டீச்சர். லீவு போட்டுவிட்டு அப்பாவைப் பார்க்கத் திண்டிவனத்துக்கு ரயிலில் வந்துகொண்டிருந்தாள். ரயிலில் இருந்தபடியே படித்திருக்கிறாள்.

'அண்ணா குடிச்சிருக்கியா?'

நான் புரியாமல் முழித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்தது.

'வெள்ளிக்கெழம லீவுன்னா காலங்காத்தாலயேவா? அங்க அப்பா மூச்சுக்கு தவிக்கறாரு, உனக்கு ஜாலி கேக்குதா? போன் பண்ணாத. தெளிஞ்சதும் பேசு.'

அம்மாவிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை. 'மாதாவே.'

நான் பதினோரு தடவை கூப்பிட்டேன். ஜெசி வெட்டினாள். அம்மா எடுக்கவில்லை. ஆடியோ அனுப்பினேன். டிக் நீலமாகவில்லை. 'குடிக்கல' என்று அனுப்பினேன். குடிக்கிறவன் எல்லோரும் எழுதுகிற வார்த்தை அது என்று அனுப்பிய பிறகுதான் தோன்றியது.

அங்கே மணி பத்தானது. பத்தரையானது. ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். ஜன்னல் மூடியிருக்கும்.

பதினொன்றரைக்குத்தான், ஜெசி முன்பு அனுப்பிய ஸ்கேன் ரிப்போர்ட் போட்டோவின் தலைப்பில் ஆஸ்பத்திரி நம்பர் இருப்பதைப் பார்த்தேன்.

"வணக்கம், ஆஸ்பத்திரிங்க." காலையில் கேட்ட அதே கிருஷ்ணவேணி சிஸ்டரின் குரல்.

"சிஸ்டர், எரநூத்தி நாலு தொம்மை பையன் பேசறேன், தோஹால இருந்து. அந்த ரூம்ல ஜாலியில கொஞ்சம் தண்ணி ஊத்தணும்..."

"இன்னா ஊத்தணும்?"

"தண்ணி. ஜாலில."

"தம்பி, இது ஆஸ்பத்திரி. ஜாலி பண்றதுக்கு வேற எடம் பாரு."

வைத்துவிட்டார்.

கட்டிலில் உட்கார்ந்தேன். அந்த ஓட்டைக்கு எங்கள் வீட்டில் என்ன சொல்வோம்? அம்மா பாத்திரம் கழுவும்போது, "டேய், சோத்துப் பருக்கை போயி அடைச்சிக்கினு இருக்குது பாரு" என்பாளே. எது அடைத்துக்கொண்டது? வார்த்தை நாக்கு நுனியில் நின்றது, வரவில்லை. மறுபடியும் போட்டேன்.

"சிஸ்டர், வெச்சிடாதீங்க. நான் குடிக்கல. பாத்ரூம் தரையில தண்ணி போற ஓட்ட இருக்கில்ல, அது காஞ்சி கெடக்குது. அதனாலதான் நாத்தம். அந்தக் காத்துதான் எங்கப்பா மூஞ்சில அடிச்சிக்கினு இருக்கு."

"தூம்பா?"

"ஆமா சிஸ்டர்! தூம்பு! தூம்புதான்!"

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? என் நம்பர் சொல்றேன், வீடியோ போடு."

இருநூற்றி நாலாம் அறையை முதல் தடவை முழுசாகப் பார்த்தேன். கட்டில், ஸ்டூல், ஜன்னல் கட்டையில் வேளாங்கண்ணி மாதா படம். படத்துக்குப் பக்கத்தில் ஜெசி.

"இன்னாக்கா, யாரு அது? எங்கண்ணனா? அவன்கிட்ட பேசாதீங்க. சரியான பேஜாரு."

"உங்கண்ணன் தூம்புல தண்ணி ஊத்தச் சொல்றாம்மா."

ஜெசி போனை வாங்கினாள். "தூம்பா? நீ ஜாலின்னு இல்ல போட்ட?"

"அதுக்குப் பேரு ஜாலிதான் ஜெசி."

"எந்த ஊர்ல?"

"ஊதுபத்தி ஒன்னு கொளுத்து. தூம்புக்கிட்ட புடி. ஃபேன் ஓடட்டும்" என்றேன்.

பிடித்தாள். புகை நேராக மேலே போகவில்லை. கீழேயிருந்து யாரோ வாய் வைத்து ஊதுவதுபோல் ஓட்டையை விட்டு விலகிச் சாய்ந்து, சுவர் ஓரமாக ஃபேனுக்கு ஓடியது. கிருஷ்ணவேணி சிஸ்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அடப்பாவி. இது ஊதுது."

"இப்ப ஜன்னல தொற. தூம்புல ஒரு பக்கெட், டாய்லெட்ல ஒரு பக்கெட் ஊத்து. மெதுவா."

முதல் பக்கெட் கொடக் கொடக் என்று இறங்கியது. பிறகு அம்மாவின் தேங்காய் எண்ணெய் பாட்டிலிலிருந்து இரண்டு மூடி. மேலே எண்ணெய் மிதந்தால் தண்ணீர் சீக்கிரம் காயாது. ஜெசி மறுபடி ஊதுபத்தியைப் பிடித்தாள். ஃபேன் அதே மாதிரி ஓடியது. ஓட்டைக்கு மேலே புகை இப்போது சும்மா சுருண்டு நின்றது. ஃபேனுக்கு வேண்டிய காற்று ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டு ஹார்ன் சத்தமும் கூடவே வந்தது.

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். மூன்று மணி நேரமாகச் சேர்த்து வைத்திருந்தது மொத்தமும் வெளியே வந்தது.

"ஃபேன யாரு போட்டது? ஜன்னல யாரு மூடுனது? கதவுல லுங்கி யாரு சொருகுனது? அதெல்லாம் சேந்துதான் அந்தக் காத்த உள்ள இழுத்திருக்கு!"

ஸ்கிரீனின் ஓரத்தில் அம்மா தெரிந்தாள். கதவிடுக்கிலிருந்து எடுத்த லுங்கியை மடித்துக்கொண்டிருந்தாள். நாலாக, எட்டாக. மடிக்க இடமில்லாத பிறகும் மடித்தாள்.

"அப்ப நான்தானா இவருக்கு..."

"எம்மா, அப்படி இல்லம்மா..."

"அண்ணா, வாய மூடறியா?" என்றாள் ஜெசி.

கிருஷ்ணவேணி சிஸ்டர்தான் பேசினார். "அவங்க இன்னா தம்பி பண்ணுவாங்க? குளிருதேன்னு மூடுனாங்க. நாறுதேன்னு ஃபேன் போட்டாங்க. ரெண்டு மாசம் பூட்டிக் கெடந்த ரூமு, ரிப்பேர்னு தெரிஞ்சிக்கினே தொறந்து குடுத்தது நாங்க. திட்டறதுன்னா எங்கள திட்டு."

குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்த எனக்கு, அதை யாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அம்மா செய்த ஒவ்வொன்றும் அப்பாவுக்காகச் செய்தது. நான் அதையெல்லாம் குற்றப் பட்டியல்போல் வாசித்துவிட்டேன்.

சிஸ்டர் திரும்பவும் தூம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது முன்னாடி லாட்ஜு. மூணு மாடியிலயும் நாலாம் நம்பர் பாத்ரூம் ஒன்னுக்கு மேல ஒன்னு. ஒரே குழா. கீழ நூத்தி நாலுல போன வாரம் ஒரு அம்மா காய்ச்சலா கெடந்தாங்க. அப்புறம் உங்கப்பா. நேத்து மேல முன்னூத்தி நாலுல, பிரசவமான பொண்ணுக்கு. பக்கத்து மூணாம் நம்பர்ல இல்ல, அஞ்சாம் நம்பர்ல இல்ல. பாக்க வர்ற ஜனங்கதான் ஒட்ட வெச்சிட்டுப் போவுதுன்னு நாங்க பேசிக்கினு இருந்தோம்."

"அதாவும் இருக்கலாம் சிஸ்டர். ஒருத்தர் இருமி இன்னொருத்தருக்கு வந்திருக்கலாம். தூம்புலதான் வந்துச்சுன்னு என்னால உறுதியா சொல்ல முடியாது."

"தண்ணி ஊத்தறதுக்கு உறுதி எதுக்கு?"

பக்கெட்டை எடுத்துக்கொண்டு மேல் மாடிக்குப் போய்விட்டார். ஆள் புழங்காத பாத்ரூம் அந்த ஆஸ்பத்திரியில் மொத்தம் ஏழு இருந்ததாம். மத்தியானம் சாப்பிடப் போவதற்கு முன் ஏழிலும் ஊற்றிவிட்டு வந்தார். இனிமேல் வெள்ளிக்கிழமை தோறும் என்று நர்ஸ் மேஜைக் காலண்டரில் எழுதியும் வைத்தார்.

தண்ணீர் ஊற்றியதால் நோய் போய்விடாது. ஏற்கெனவே உள்ளே போனது உள்ளேதான் இருக்கும். அது எனக்குத் தெரியும். நாலு மணிவரை தோஹாவில் அறைக்குள்ளேயே நடந்தேன்.

ஜெசி போனை ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்திருந்தாள். நாலடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது அப்பா கண் திறந்தார்.

"இன்னாடா, தண்ணி ஊத்தறவன்னு ஆஸ்பத்திரி முச்சூடும் பேரு வாங்கிட்டியாமே?"

குரல் கம்மியாக இருந்தது. ஆனால் அப்பாவின் குரல்தான். ஜெசி சிரித்தாள். நான் சிரிப்பதுபோல் ஏதோ செய்தேன். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கத்தியதிலிருந்து என்னோடு அவள் பேசவில்லை.

டாக்டர் உள்ளே வந்ததும் ஜன்னலைத்தான் பார்த்தார். "யார் தொறந்தது?"

"நான்தான் சார்" என்றார் கிருஷ்ணவேணி சிஸ்டர். விஷயத்தையும் சொன்னார். டாக்டர் பாத்ரூமுக்குள் எட்டிப் பார்த்தார். மேலே ஃபேனைப் பார்த்தார். திரும்பி வந்து, அப்பாவின் விரலில் மிஷினை மாட்டினார்.

"தொண்ணூத்தி மூணு." மறுபடியும் பார்த்தார். "தொண்ணூத்தி நாலு. நிக்குது."

"அப்ப எழுத வேணாமா டாக்டர்?" ஜெசியின் குரல் உடைந்தது.

"வேணாம். காலைல மாத்துன மருந்து கேக்குது. தண்ணி ஊத்துனதால ஏறலம்மா, அத நெனச்சிக்காதீங்க. ஆனா ஊத்துனது நல்ல காரியம். நாம செஞ்சிருக்க வேண்டியது. ரூமையும் மாத்திடலாம். ரெண்டு பக்கம் ஜன்னல் இருக்கற வார்டுல போடுங்க சிஸ்டர்."

ஜெசி மாதா படத்தைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தேன்.

அப்பா கையை நீட்டினார். விரலில் இன்னும் மிஷின் இருந்தது. "இன்னாம்மா மேரி, மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு இருக்க? டாக்டர், இத இவ வெரல்லயும் கொஞ்சம் மாட்டிப் பாருங்க. கோவம் எத்தினின்னு காட்டுமா?"

"எனக்கு எதுக்கு? சும்மா இருங்க." அம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "நீங்க எங்கம்மா படுக்கறீங்க?"

"இங்கதான்."

"இங்கன்னா?"

ஜெசிதான் கையைக் காட்டினாள். பாத்ரூம் வாசலை ஒட்டி, தரையில், சுருட்டி வைத்த பாய்.

"கைய குடுங்கம்மா."

"எனக்கு ஒன்னுமில்ல டாக்டர். லேசா ஒடம்பு வலி. ரெண்டு நாளா மாத்திர போட்டுக்கினுதான் இருக்கேன்."

"ரெண்டு நாளாவா? எங்ககிட்ட சொல்லலயே?" என்றாள் ஜெசி.

"உங்கப்பாவ பாக்கறதா, என்ன பாக்கறதா?"

மிஷினின் சிவப்பு எண் இந்தப் பக்கம் தெரியவில்லை. டாக்டரின் முகம்தான் தெரிந்தது. அவர் மிஷினைக் கழற்றி, அம்மாவின் இன்னொரு கையில் மாட்டிப் பார்த்தார். பிறகு ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார். முதுகில் நான்கு இடம் வைத்துக் கேட்டார்.

"எண்பத்தி ஏழு" என்றார் சிஸ்டரிடம், மெதுவாக. "வண்டிக்குச் சொல்லுங்க. நான் லெட்டர் எழுதறேன்."

அம்மா போனைப் பார்த்தாள். நான் கத்திய பிறகு முதல் தடவையாக என்னைப் பார்த்தாள்.

"அருணு, நீ பயப்படாத" என்றாள்.

டாக்டர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "இவங்ககூட விழுப்புரத்துக்கு யார் போறீங்க?"

ஜெசி அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் அங்கே இருந்தது அவள் ஒருத்திதான்.

அப்பா மூக்கிலிருந்த குழாயை நகர்த்திவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"ஐயா, தையல் இருக்குது!" என்று கத்தினார் கிருஷ்ணவேணி சிஸ்டர்.

அப்பா வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். மெதுவாக ஒரு காலைத் தரையில் ஊன்றினார்.

"நான் போறேன்" என்றார்.